நடுப் பெடல்

கொருக்குப்பேட்டை ஜெயவேலுக்குக் கை சுத்தம். குடி கிடையாது, பீடி உண்டு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ‘தெரியாது’ என்று ஒரு சொல் தமிழில் இருப்பதை அவன் முப்பத்தெட்டு வயது வரை ஒப்புக்கொண்டதே இல்லை. மாத்தூருக்கு வழி கேட்ட ஒரு மாட்டுவண்டிக்காரனை, வழி தெரியாது என்று சொல்ல மனம் வராமல், நேர் எதிர்த்திசையில் கடற்கரை வரைக்கும் அனுப்பிவைத்த புண்ணியவான் அவன். அந்த வண்டிக்காரன் சாயங்காலம் திரும்பி வந்து தேடியபோது ஜெயவேல் ஆள் அகப்படவில்லை.

அவன் அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். ஜெயவேல் பதினேழு வயதில் ராயபுரத்தில் ஒரு கப்பல் கயிற்றுக் கடையில் சேர்ந்தான். ஆள் தொடை தடிமன் கயிற்றைச் சுருள் சுருளாகத் தோளில் சுமந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற வேலை. ஒன்பது வருஷம் அப்படிச் சுமந்ததில் முதுகு தேய்ந்துபோயிற்று. நல்லவேளையாகக் கடையின் பெரிய முதலாளி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் பழைய ஃபோர்டு கார் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தை அறுத்துப் பலகை அடித்தார். யாருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டார். ஜெயவேல் கை தூக்கினான். அவனுக்குத் தெரியாது, சொல்லவும் வேண்டுமா? விற்றவனுடைய ஆள் ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்ததை வைத்து அவன் பன்னிரண்டு வருஷம் ஓட்டினான்.

அந்த ஃபோர்டு ஒரு தனிப் பிறவி. அதற்கு கியர்க் கோல் கிடையாது. காலடியில் மூன்று பெடல்கள். இடது பெடலை முழுக்க அழுத்தினால் வண்டி மெதுவாக ஊரும், காலை எடுத்தால் வேகமாக ஓடும். நடுப் பெடலை மிதித்தால் பின்னால் போகும். வலது பெடல் பிரேக். பெட்ரோலைக் கூட்டக் குறைக்க ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி இருந்ததால் அந்த வேலை காலுக்கு இல்லை. இரண்டாம் வருஷமே பிரேக் தேய்ந்துவிட்டது. பெரிய முதலாளி அதை மாற்றுவாரா? அவர் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். ஜெயவேலும் மற்ற ஃபோர்டு டிரைவர்கள் செய்கிற தந்திரத்தைச் செய்தான். முன்னால் ஓடும்போதே இடது காலால் இடது பெடலைப் பாதி அழுத்திக்கொண்டு, வலது காலால் பின்னால் போகிற நடுப் பெடலை மிதிப்பான். வண்டி முனகிக்கொண்டு நிற்கும். பத்து வருஷமாக, நிறுத்து என்று மூளை சொன்னால் அவன் வலது கால் நடுப் பெடலுக்குப் போயிற்று.

முப்பத்தொன்றாம் வருஷம் பெரிய முதலாளி காலமானார். மகன் குமாரவேலுக்கு இருபத்தாறு வயது, கையில் கடை, மனசில் வேறு கனவு. அந்த வருஷம் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. துரைமார்கள் நாற்காலி மேஜை முதல் நாய்க்குட்டி வரை ஏலம் போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அப்படி ஒரு துரை வீட்டு ஏலத்தில் குமாரவேல் ஒரு பந்தயக் காரை எடுத்துவிட்டான். பச்சை நிறம், மேலே கூரை இல்லை, நீளமான மூக்கு, அந்த மூக்கைக் குறுக்கே பிடித்துக் கட்டிய தோல்வார். திருவொற்றியூரில் அவன் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திய துரையின் டிரைவர், வண்டியைக் கியரில் விட்டபடியே சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். ஃபோர்டை அதற்கு முந்தின நாளே வண்ணாரப்பேட்டையில் ஒருவன் வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

“ஜெயவேலு, இத்த ஓட்டுவியா?” என்று குமாரவேல் கேட்டான்.

“இன்னா மொதலாளி இப்பிடி கேட்டுட்டீங்க? பன்னெண்டு வருஷமா நான் இன்னா மாடா மேச்சுகினு இருந்தேன்?”

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் இப்படித்தான் பேசுவான். ஜெயவேல் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தான். பெடல் மூன்று இருந்தது. மனசுக்குத் தெம்பாக இருந்தது. வலது கைக்குப் பக்கத்தில் கதவோரமாக ஒரு கோல் நின்றது. அது எதற்கென்று தெரியவில்லை, அதனால் அதைத் தொடவில்லை. இடது பெடலை முழுக்க அழுத்திக்கொண்டு பொத்தானைத் தட்டினான். இன்ஜின் உறுமியது. வண்டி மெதுவாக ஊர வேண்டும். ஊரவில்லை. இன்னும் அழுத்தினான். அசையவில்லை. சரி, காலை எடுத்து மறுபடி அழுத்துவோம் என்று எடுத்தான்.

கார் ஒரே தாவலாகத் தாவி, முற்றத்தில் அடுக்கியிருந்த கயிற்றுச் சுருள்கள்மேல் ஏறி, ஒரு விக்கல் விக்கி நின்றது. கயிறு இருந்ததால் காருக்கும் கீறல் இல்லை, அவனுக்கும் இல்லை. ஆனால் அவன் புத்தி கலங்கிப்போயிற்று. அழுத்தினால் போக வேண்டியது நிற்கிறது, விட்டால் பாய்கிறது, இதென்ன கூத்து?

குமாரவேல் காரைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: “ஞாயித்துக்கெழம காலைல எண்ணூர் வரிக்கும் போய் வரணும். ஒழுங்கா ஓட்டினா நீதான் டிரைவர். இல்லாங்காட்டி திங்கக்கெழம மவுண்ட் ரோட்லேர்ந்து ஒரு ஆளு வர்றான். நீ பழையபடி கயித்துக்குப் போயிடு.”

கயிற்றுக்குப் போவது என்றால் தோளில் சுமப்பது. ஜெயவேலுக்கு முதுகில் அந்த நிமிஷமே வலி எடுத்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மனைவி மங்கம்மாவோ, புருஷன் துரை காரை ஓட்டப்போகிறான் என்று தெருக் குழாயடியில் ஏற்கெனவே முரசறைந்துவிட்டாள். அவனிடம் ஆறு நாள் இருந்தது.

அடுத்த நாள் முழுவதும் அவன் முற்றத்தில் காரோடு மல்லுக்கட்டினான். கதவோரக் கோல்தான் கியர் என்று கண்டுபிடித்தான். அதை இழுத்தால் உள்ளே பல்சக்கரங்கள் நறநறவென்று கடித்துக்கொண்டன. நடுப் பெடலை மிதித்தால் இன்ஜின் அலறியது. பெட்ரோல் பெடலைக் கொண்டுபோய் நடுவில் வைத்திருந்தான் அந்தச் சீமைக்காரன்! பிரேக் வலது ஓரத்தில் இருந்தது. கைக்கு இருந்த வேலை காலுக்கு வந்திருந்தது, காலுக்கு இல்லாத வேலை கைக்கு வந்திருந்தது. நிறுத்துகிற இடத்தில் ஓட்டுகிறது இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவன் மறுபடி கோலை இழுத்தபோது வாசலிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏசப்பா! ஏன்யா அத்த அப்பிடி கடிக்க வுடுற? காது கூசுது!”

வெள்ளைச் சேலை, காலில் செருப்பு, நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் தேவப்பிரியம். துரை வீட்டில் குழந்தை பார்த்த ஆயா. துரை போனதும் வேலை போய், குமாரவேல் வீட்டில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்க ராயபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். இரண்டு வருஷம் அந்தக் காரின் பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனவள். கியர் சத்தமில்லாமல் விழுந்தால் குழந்தை தூங்கும், கடித்தால் எழுந்து அழும். அதனால் அவள் காது எப்போதும் கியரில்தான் இருந்தது. கண் துரையின் காலில் இருந்தது.

“எடது கால ரெண்டு தபா மிதிக்கணும் நைனா,” என்றாள். “ஒரு தபா கோல எடுக்கறதுக்கு. இன்னோரு தபா போடறதுக்கு. நடுவுல ஒரு மூச்சு வுடணும்.”

“இன்னாத்துக்கு ரெண்டு தபா? ஒரே தபால வேல முடிஞ்சிடும்ல?”

“அது எனுக்குத் தெரியாது. தொரை அப்பிடித்தான் செய்வாரு. கொயந்த தூங்கும்.”

ஜெயவேலுக்கு ரோஷம் வந்தது. ஆயாவிடம் போயா டிரைவர் பாடம் கேட்பது? ஆனால் செய்து பார்த்தான். மிதித்தான், எடுத்தான், விட்டான், மூச்சு விட்டான், மிதித்தான், போட்டான். கோல் வெண்ணெயில் கத்தி போல உள்ளே போயிற்று. தேவப்பிரியம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

அதிலிருந்து தினமும் காலையில் உப்பளத்துக் கரைப் பாதையில் பாடம் நடந்தது. ஜெயவேல் ஓட்டுவான். தேவப்பிரியம் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, “இப்ப மிதி... வுடு... மூச்சு... மிதி” என்பாள். சத்தம் கெட்டால், “கொயந்த முயிச்சிக்கிச்சி” என்பாள். அவளுக்கு ஏன் என்று எதுவும் தெரியாது, எப்படி என்று மட்டும் தெரியும். ஜெயவேலுக்கு ஏன் என்பதெல்லாம் தெரியும், அத்தனையும் ஃபோர்டுடைய ஏன். இருவரும் சேர்ந்து ஒரு டிரைவர்.

அவன் குழப்பம் வீடு வரைக்கும் வந்தது. சோறு தின்னும்போது தட்டுக்கு அடியில் கால்கள் தானாக மிதித்துக்கொண்டிருந்தன. தெருவில் நடந்து போகையில் எதிரே தள்ளுவண்டி வந்தால் இடது காலைத் தூக்கி வெறும் மண்ணை இரண்டு தடவை மிதித்தான். ஒரு மத்தியானத் தூக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த மங்கம்மாவை ஓங்கி மிதித்துவிட்டான். “எதுய்யா பிரேக்கு, நானா?” என்று அவள் விளக்குமாற்றை எடுத்தாள். ‘நடு போறதுக்கு, சோத்தாங்கைப் பக்கம் நிக்கறதுக்கு’ என்று அவன் வாய்க்குள் நாள் முழுக்க ஜெபித்தான். நிதானமாக யோசித்து மிதித்தால் சரியாகவே மிதித்தான். சனிக்கிழமை சாயங்காலம் தேவப்பிரியம், “கொயந்த நல்லா தூங்குது” என்று சொல்லிவிட்டாள். ஜெயவேல் பழைய ஜெயவேல் ஆகிவிட்டான். மங்கம்மாவிடம், “மவுண்ட் ரோட்டான் வந்து என்கிட்ட கத்துக்கினு போவணும்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை குமாரவேல் சரிகை வேட்டியும் கோட்டுமாக முன்சீட்டில் ஏறினான். ஆயா எதற்கு என்று கேட்டதற்கு, “இவுங்க ஒக்காந்தாத்தான் வண்டி சொன்ன பேச்சு கேக்குது மொதலாளி” என்று ஜெயவேல் எதையோ உளறினான். வண்டி கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் சத்தமே இல்லாமல் விழுந்தன. திருவொற்றியூர் தாண்டியதும் நேரான சாலை, ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் மணலும் கடலும். குமாரவேலுக்குக் குஷி பிறந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் போ! இன்னும்!”

ஜெயவேல் நடுப் பெடலை அழுத்தினான். காற்று முகத்தில் அறைந்தது. ஃபோர்டு பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் காட்டாத வேகம் அது. அவனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. பாட்டுக்கூட வாயில் வந்தது.

அப்போதுதான் சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து ஒரு பெண் தலையில் மீன்கூடையோடு சாலையில் இறங்கினாள். கூடைச் சுமையால் அவள் தலையைத் திருப்பவில்லை. நேராக நடந்து நடுச்சாலைக்கு வந்துவிட்டாள்.

யோசிக்க நேரம் இல்லை. நிறுத்து என்று மூளை சொன்னது. ஆறு நாள் ஜெபம் எங்கேயோ பறந்தது. பத்து வருஷப் பழக்கம் இரண்டு காலிலும் இறங்கியது. இடது கால் இடது பெடலை அடிவரை மிதித்தது. வலது கால் நடுப் பெடலை அடிவரை மிதித்தது.

கார் அலறியது. ஊர் கேட்காத ஓர் அலறல். அந்தப் பெண் வெடிச் சத்தம் கேட்டது போலத் துள்ளி ஓரத்தில் விழுந்தாள், கூடை பறந்தது. ஜெயவேல் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் அவளை ஒரு முழத்தில் கடந்து, மணலில் இறங்கி, புதைந்து, நின்றது. நின்ற பிறகும் அது அலறிக்கொண்டே இருந்தது. அவன் காலை எடுக்க மறந்திருந்தான்.

நடந்தது இதுதான். நிறுத்துவதாக நினைத்து அவன் பெட்ரோலை முழுக்கத் திறந்துவிட்டான். ஆனால் ஃபோர்டுப் பழக்கத்தில் இடது பெடலையும் சேர்த்து மிதித்ததால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோயிற்று. இன்ஜின் தன்பாட்டுக்கு அலறியது, வண்டி சும்மா உருண்டது. இரண்டு தப்புகள் ஒன்றையொன்று கொன்றுகொண்டன. இடது கால் மட்டும் அந்த நேரம் சும்மா இருந்திருந்தால், அந்தப் பெண் இல்லை.

குமாரவேலுக்கு இது எதுவும் தெரியாது. அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் பளபளத்தது.

“சபாஷ் ஜெயவேலு! ஆரன் அடிச்சா அந்தம்மா வெலகியிருக்குமா? இன்ஜினயே அலற வுட்டியே, இன்னா புத்தி! நாளையிலேர்ந்து நீதான் டிரைவர். மவுண்ட் ரோட்டான் வரவேணாம்.”

ஜெயவேல் காலை மெல்ல எடுத்தான், அலறல் அடங்கியது. பின்சீட்டிலிருந்து தேவப்பிரியம் குனிந்து அவன் காதோரம் சொன்னாள்: “ரெண்டையும் சேத்து மிதிச்ச. எனுக்குக் கேட்டுச்சி. கம்முனு இரு. வேல கெடச்சிச்சில்ல.”

அவன் கீழே இறங்கினான். அந்தப் பெண் மணலில் உட்கார்ந்து மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனும் பக்கத்தில் குந்திப் பொறுக்கினான். கன்னியம்மா என்று பெயர், எண்ணூர்ப் பக்கம் மீன்காரக் குப்பம். முதல் இரண்டு நிமிஷம் அவள் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். அதை அவன் தலைகுனிந்து கேட்டான். அது அவனுக்கு நன்றாகவே இருந்தது. பிறகு குமாரவேல் வந்து, டிரைவர் சத்தம் எழுப்பித்தான் அவள் உயிரைக் காப்பாற்றினான் என்று விளக்கினான். கன்னியம்மா திட்டை நிறுத்தினாள். மீன் வாடை அடிக்கிற இரண்டு கையையும் எடுத்து ஜெயவேலைக் கும்பிட்டாள்.

“எனுக்குப் பொம்பள புள்ள ரெண்டு கீது நைனா. நீ நல்லா இருப்ப. உன் புள்ளகுட்டி நல்லா இருக்கும்.”

திட்டைத் தாங்கியவனால் இதைத் தாங்க முடியவில்லை.

“கும்புடாத தாயி,” என்றான். “நான் காப்பாத்தல. உன்ன கொல்லப் பாத்தேன். நிறுத்தறதுக்குன்னு மிதிச்சேன், அது ஓடறது. எப்பிடி நின்னுதுன்னு எனுக்கே தெரியாது.”

தேவப்பிரியம் கண்ணை மூடிக்கொண்டாள். குமாரவேல் அவனையே பார்த்தான்.

“தெரியாதா?”

“தெரியாது மொதலாளி. பத்து வருஷமா நடுப் பெடல்தான் எனுக்கு பிரேக்கு. மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரில. நாளைக்கும் இப்பிடித்தான் மிதிப்பேனோ இன்னாவோ, அதுவும் தெரியாது.”

“அப்பறம் இன்னா தைரியத்துல என்ன ஏத்திகினு வந்த?” குமாரவேலின் குரல் உடைந்தது. பயம் அவனுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. “சாவியக் குடு. நீ கயித்துக்கே போ.”

ஜெயவேல் சாவியை எடுத்துக் கொடுத்தான். முதுகு வலிக்கும், வலிக்கட்டும் என்று நினைத்தான். குமாரவேல் சாவியை வாங்கிக்கொண்டு காரைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். அடுத்து என்ன செய்வது என்று அவனுக்கு விளங்கவில்லை. எண்ணூருக்கும் போக முடியாது, வீட்டுக்கும் போக முடியாது.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா எழுந்தாள். எழுந்தவளுக்கு நிற்க முடியவில்லை, காரைப் பிடித்துக்கொண்டாள்.

“சாவிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற மொதலாளி? என் கால் ஒதறுது. மீனெல்லாம் மண்ணு. என்ன குப்பத்துல கொண்டுபோய் வுடச் சொல்லு.”

“யார ஓட்டச் சொல்றது?”

“இவனத்தான்.”

“ஒன்ன கொல்லப் பாத்தவம்மா இவன்!”

“அத்த இவனேதான் சொன்னான். இவன் எத்த தப்பா மிதிப்பான்னு எனுக்கு இப்ப தெரியும். நாளைக்கு எவனோ வருவான்றியே, அவன் எத்த மிதிப்பான்னு எனுக்கு எவன் சொல்லுவான்?”

குமாரவேல் கோட்டைக் கழற்றிக் காருக்குள் போட்டான். ஜெயவேல் ஸ்டியரிங்கைத் திருப்ப, முதலாளியும் தேவப்பிரியமும் பின்னாலிருந்து தள்ள, கார் மணலை விட்டு மேலேறியது. சரிகை வேட்டி முழுக்கப் புழுதி. கன்னியம்மா யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி, கூடையை மடியில் வைத்து, ஜெயவேலின் கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முதலாளி பின்சீட்டில் ஆயாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். கை நீட்டிச் சாவியை அவனே கொடுத்தான்.

“நடுவுல கால் போச்சி, கூடையால அடிப்பேன்,” என்றாள் கன்னியம்மா.

ஜெயவேல் இரண்டாம் கியரிலேயே ஓட்டினான். நடந்து போகிறவர்கள்கூட அவர்களைத் தாண்டினார்கள். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. இது வரைக்கும் சாலையில் மாடுகளையும் மனிதர்களையும் அவன் ஓரம் கட்ட வேண்டிய தொல்லைகளாகவே பார்த்திருந்தான். இப்போது ஒவ்வொரு ஆளும் முகத்தோடு தெரிந்தார்கள்.

குப்பத்து முனையில் வலை காயப்போட்டிருந்த இடத்திலிருந்து ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. ஜெயவேலின் வலது கால் துள்ளி எழுந்தது. நடுப் பெடலுக்குப் போயிற்று. கன்னியம்மா கூடையை இறுகப் பிடித்தாள், ஆனால் ஓங்கவில்லை. கால் பெடலைத் தொடாமல் அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, நடுங்கியது, பிறகு வலப்பக்கம் நகர்ந்து அழுத்தியது. கார் சத்தமில்லாமல் நின்றது. ஆடு திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஜெயவேலுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

கன்னியம்மா இறங்கினாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். குமாரவேல் பின்சீட்டிலிருந்து, யாரைக் கேட்கிறோம் என்றே தெரியாமல், “அப்ப நாளைக்கு மவுண்ட் ரோட்டானுக்கு நான் இன்னா சொல்லட்டும்?” என்றான்.

“அவனுக்கு இன்னா வேணா சொல்லு,” என்றாள். பிறகு ஜெயவேலைப் பார்த்தாள். “நாளைக்கும் நான் அதே ரோட்டுலதான் வருவேன். பாத்து ஓட்டு.”

சொல்லிவிட்டு, கூடையை ஒரு கையால் பிடித்தபடி, திரும்பிப் பாராமல் குடிசைகளுக்கு நடுவே நடந்து போனாள்.